சசிமாறன் விழுங்கிய மாத்திரை

செய்தி வந்தபோது சிங்காநல்லூர்க் குளக்கரையில் நடந்துகொண்டிருந்தேன். காலை ஏழு மணி இருக்கும். கைப்பேசியில் நாச்சிமுத்து சாரின் மகள் கோமதி பேசினாள். "மாமா, அப்பா போயிட்டாருங்க" என்றாள். என்ன ஆயிற்று என்று கேட்டேன். "ஒண்ணுமே தெரியலீங்க மாமா. நேத்து நல்லா சாப்பிட்டுப் படுத்தாரு. காலைல காபி கொண்டுட்டுப் போனா, தூக்கத்துலயே..."

குளக்கரை பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். எனக்கு முதலில் வந்தது துக்கம் இல்லை. தூக்கத்திலேயே போகிற கொடுப்பினையும் இந்த மனிதருக்குத்தானா என்ற எண்ணம் வந்தது. அது வந்த வேகத்தில் வெட்கமும் வந்தது. அழுகை அதற்கப்புறம்தான். நாற்பது ஆண்டுப் பழக்கம் இந்த வரிசையில்தான் என்னிடம் வேலை செய்கிறது. அவரைப் பற்றி எழுத உட்கார்ந்தபின் அதை மறைத்துவிட்டு எழுதினால், எழுதுவது அவரைப் பற்றியதாக இருக்காது.

நாச்சிமுத்து சாரைப் புவியியல் ஆசிரியராக அறிந்தவர்கள் உண்டு. மாதம் ஒரு பாக்கெட் நாவல் எழுதிய கதிர்நாதனாக அறிந்தவர்கள் அதைவிட அதிகம். இருவரும் ஒரே ஆள் என்று தெரிந்தவர்கள் கொஞ்சம் பேர். நான் இருபத்தாறு ஆண்டுகள் ஆசிரியர் அறையில் அவருக்கு அடுத்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தவன். வேதியியல் ஆசிரியன். நானும் துப்பறியும் கதை எழுதியவன். இந்தக் கடைசிச் செய்தி தெரிந்தவர்கள் அனேகமாக யாரும் இல்லை.

கிணத்துக்கடவிலிருந்து அவர் தினமும் பஸ்ஸில் வருவார். உக்கடத்தில் இறங்கி, வேறு பஸ் பிடித்து சிங்காநல்லூர். முதல் பஸ்ஸில் ஜன்னல் ஓர இருக்கை கிடைத்தால் மடியில் பரீட்சை அட்டையை வைத்து எழுதுவார். ஒரு அத்தியாயம் என்பது கிணத்துக்கடவிலிருந்து உக்கடம் வரை. அவ்வளவுதான் கணக்கு. அவருடைய அத்தியாயங்கள் எல்லாம் ஏன் கதவு திறக்கும் நேரத்திலும் துப்பாக்கி நீளும் நேரத்திலும் நிற்கின்றன என்று வாசகர்கள் வியந்து கடிதம் எழுதுவார்கள். காரணத்தை என்னிடம் அவரே சொன்னார். "உக்கடம் வந்துருதுங்க சார். கண்டக்டர் எறங்கச் சொல்றாரு. அப்புறம் நான் என்ன பண்றது?"

நான் மேசை போட்டு எழுதுகிறவன். குறிப்பெடுத்து, வரைபடம் போட்டு, நஞ்சின் அளவைச் சரிபார்த்து எழுதுவேன். என் ஒரு அத்தியாயத்துக்கு ஒரு பருவத் தேர்வு முடிந்துவிடும். என் கதாநாயகன் பெயர் பரிதிவாணன். ஒழுக்கமானவன். காலையில் கேழ்வரகுக் கஞ்சி குடிப்பான், ஒன்பது மணிக்குப் படுத்துவிடுவான், குற்றவாளியை ஆய்வுக்கூடத்தில் சோதனைக்குழாயை வைத்தே பிடிப்பான். ஒரு ஆசிரியன் எழுதுகிற கதையில் நாயகன் வேறெப்படி இருக்க முடியும் என்று நினைத்தேன். சென்னைப் பதிப்பாளர் ஒருவர் கையெழுத்துப் பிரதியைத் திருப்பி அனுப்பி, கூடவே ஓர் அஞ்சலட்டையும் வைத்திருந்தார். "தங்கள் துப்பறிவாளர் நன்றாகத் தூங்குகிறார். வாசகரும் உடன் தூங்கிவிடுவார் என்று அஞ்சுகிறோம்." அந்த அட்டை இன்னும் என்னிடம் இருக்கிறது.

சார் படைத்த துப்பறியும் சசிமாறனோ தூங்கவே மாட்டான்.

அந்தக் காலத்தில் டவுன்ஹால் பக்கம் பழைய புத்தகக் கடைகளில் ஆங்கில உளவாளி நாவல்கள் குவிந்து கிடக்கும். சார் எடை போட்டு வாங்கி வருவார். இருவரும் மாற்றி மாற்றிப் படிப்போம். அவற்றில் ஒரு விஷயம் எங்கள் இருவர் கண்ணிலும் பட்டது. பெரிய காரியத்துக்கு முன்னால் நாயகன் ஒரு மாத்திரையை விழுங்குவான். கடலில் குதிப்பதற்கு முன், சீட்டாட்ட மேசையில் எதிரிக்கு நேரே உட்காருவதற்கு முன், எல்லையைத் தாண்டுவதற்கு முன். அதைவிடப் பழைய துப்பறியும் கதைகளில் வழக்கே இல்லாத நாட்களில் சலிப்புத் தீர ஊசி குத்திக்கொள்ளும் ஆளும் உண்டு. நம் பக்கத்து நாவல்களில் அந்த இடத்தில் சிகரெட்டும் ஸ்ட்ராங் காபியும் இருந்தன. நோக்கம் ஒன்றுதான். நாயகனுக்கு நம்மைப் போலக் கண் சொருகக் கூடாது.

எனக்கு அதில் அப்போதே ஓர் ஆட்சேபம் இருந்தது. மாத்திரை போட்ட அத்தியாயத்தில் அவன் புலி. சரி. அடுத்த அத்தியாயத்தில் அவன் கை நடுங்குவதில்லை, நெஞ்சு படபடப்பதில்லை, சாப்பாடு இறங்காமல் போவதில்லை, வீட்டில் இருப்பவர்கள் மேல் எரிந்து விழுவதில்லை. உடம்பு என்ற ஒன்று அவனுக்குத் தேவைப்படும்போது மட்டும் இருக்கிறது. என் மாணவர்களுக்குச் சொல்லும் உதாரணத்தையே சாருக்கும் சொன்னேன். கிணற்றில் பத்தடித் தண்ணீர் இருக்கிறது. மூன்று குதிரைசக்தி மோட்டாரை எடுத்துவிட்டு ஏழரையைப் போடுகிறோம். தண்ணீர் குபுகுபுவென்று வரும். கிணற்றில் ஊறுவது அதே ஊற்றுதான். சீக்கிரம் தரை தட்டும், மோட்டார் புகையும்.

சார் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். "நீங்க சொல்றது சரிங்க சார். ஆனா படிக்கறவன் கிணத்தை எட்டிப் பாக்க வரலீங்க. தொட்டியில தண்ணி விழுகற சத்தத்தைக் கேக்க வாரான்" என்றார். அந்தப் பதில் எனக்கு ஏன் தோன்றவில்லை என்று அன்று முழுக்க எரிச்சலாக இருந்தது.

நான் சொல்ல வேண்டிய செயல் நடந்தது அந்த வாரத்தில்தான்.

பதிப்பாளரின் அஞ்சலட்டை திங்கட்கிழமை வந்தது. செவ்வாய்க்கிழமை தலைமையாசிரியர் இலக்கிய மன்றப் பொறுப்பைப் புவியியல் ஆசிரியரிடம் ஒப்படைத்தார். புதன்கிழமை வீட்டில் பால் பொங்கி அடுப்பு அணைந்தது. சமையலறைக்குப் போய்ப் பார்த்தால் என் மனைவி சரசு மேடையில் சாய்ந்து நின்று சசிமாறனைப் படித்துக்கொண்டிருந்தாள். என் பரிதிவாணனை மூன்றாம் பக்கத்தில் மடித்து வைத்தவள். அதைக் கேட்டுவிட்டேன். "ஏனுங்க, உங்க ஆளு கஞ்சி குடிச்சுப்போட்டுப் படுத்துக்கறாரு. இந்த மனுசன் மூணு நாளா முழிச்சு கெடக்கறாரு. நான் யாரைங்க பாக்கறது?" என்றாள். நியாயமான கேள்விதான். அதனால்தான் பொறுக்க முடியவில்லை.

வியாழக்கிழமை மதிய இடைவேளையில் நாச்சிமுத்து சார் என் நாற்காலிப் பக்கம் குனிந்தார். "சார், உங்ககிட்ட ஒரு உதவிங்க. மூணு நாள் தூக்கமில்லாம நிக்கறதுக்கு ஒரு மாத்திரை வேணும். சசிமாறனுக்குங்க. நெசமான பேரா இருந்தா நல்லா இருக்கும். நீங்க கெமிஸ்ட்ரி, உங்களுக்குத் தெரியாததா?"

எனக்குத் தெரியும். சரியான பெயர் நாக்கு நுனியில் இருந்தது. அது எப்படி வேலை செய்யும், எதில் போய் முடியும் என்பதும் தெரியும். ஆய்வுக்கூடத்துக்கு அமிலம் கேட்டு எழுதும் துண்டுச் சீட்டு ஒன்றை எடுத்து, பின்பக்கத்தில் அழகாக எழுதிக் கொடுத்தேன்: பைப்பரசின்.

பிள்ளைகளின் வயிற்றுப் புழுவுக்கு அந்தக் காலத்தில் கொடுத்த மருந்து அது. பெயர் மட்டும் கம்பீரமானது. நாவல் வெளிவந்ததும் மருந்துக்கடைக்காரர்களும் டாக்டர்களும் பார்த்துச் சிரிப்பார்கள், கதிர்நாதன் ஒன்றும் தெரியாதவர் என்று ஊருக்குத் தெரிந்துவிடும், அடுத்த மாதம் பதிப்பாளர் வேறு ஆளைத் தேடுவார். நான் எண்ணியது இதைத்தான். விளையாட்டுக்குச் செய்தேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு வழியில்லை. கை நடுங்காமல், எழுத்துப் பிழை இல்லாமல் எழுதினேன்.

மறுநாள் சார் பள்ளிக்கு வரவில்லை. சனியும் வரவில்லை. காய்ச்சல் என்று தகவல் வந்தது. திங்கட்கிழமை இரண்டு கையிலும் இளநீர்க் குலையைத் தூக்கிக்கொண்டு வந்து என் மேசைக்கடியில் வைத்தார். "நம்ம தோட்டத்துதுங்க. அம்மணிக்குக் குடுங்க" என்றவர், நிமிர்ந்து ஒரு கணம் என் முகத்தைப் பார்த்தார். "பேரு நல்லா இருக்குதுங்க சார். அதையே வெச்சுப்போட்டேன்."

அந்த இளநீரை நான் குடிக்கவில்லை. ஏமாந்தவர் கொண்டுவந்த பரிசு என்று நினைத்ததால் இறங்கவில்லை.

நாவல் வந்தது. 'பைப்பரசின் இரண்டை நாக்கில் போட்டுக்கொண்டான் சசிமாறன். மூளைக்குள் ஆயிரம் விளக்குகள் எரிந்தன' என்று எழுதியிருந்தார். நான் சிரிப்புக்காகக் காத்திருந்தேன். ஒரு மாதம் போனது, இரண்டு மாதம் போனது. ஒருவரும் சிரிக்கவில்லை. பொள்ளாச்சியிலிருந்து போத்தனூர் வரை எத்தனை மருந்துக்கடை, எத்தனை கம்பவுண்டர்கள்! ஒருவர் கூடவா பாக்கெட் நாவல் படிப்பதில்லை? சசிமாறன் நாவலுக்கு நாவல் பைப்பரசின் விழுங்கினான். விற்பனை ஏறியது. பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரர், "இன்னும் ரெண்டு மாத்திரை போட்டான்னா அந்தத் திருட்டுப் பயல் மாட்டிக்குவான்" என்று சொல்ல என் காதால் கேட்டேன். மாத்திரையைக் கண்டுபிடித்தவன் நான். புகழ் அவருக்கு.

அதற்கடுத்த ஆண்டு சரசுவின் தம்பி வேலுச்சாமி வங்கித் தேர்வுக்குப் படிக்க எங்கள் வீட்டில் தங்கியிருந்தார். இருபத்தாறு வயது. முதல் முறை எழுதித் தோற்று, இரண்டாம் முறை எழுத வேண்டும். வயது வரம்பு நெருங்கிக்கொண்டிருந்த பயத்தில் விடிய விடியப் படிப்பார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் சட்டையைத் துவைக்கப் போட்டபோது பையிலிருந்து காகிதத்தில் மடித்த மாத்திரைகள் விழுந்தன. கேட்டேன். கொஞ்சம் தயங்கிவிட்டு, "தூக்கத்துக்குங்க மச்சான்" என்றார். தூக்கம் வரவா, வராமல் இருக்கவா என்றேன். "வராம இருக்கத்தான். சசிமாறன் மாத்திரைங்க. சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டு மெடிக்கல்ல வாங்குனேன். நாலு நாளாச்சு, கண்ணே அசரலீங்க."

மாத்திரையைக் கையில் வைத்துப் பார்த்தேன். புழு மாத்திரை. அன்று நான் ஒழுங்கான ஆளாக, சரியான பெயரை எழுதிக் கொடுத்திருந்தால் இந்த மடிப்புக்குள் என்ன இருந்திருக்கும்? அந்தக் காலத்தில் பெயரைச் சொல்லிக் கேட்டால் எதுவும் கிடைக்கும். ஒழுங்காகச் சாப்பிடாமல், நான்கு நாள் கண் மூடாமல், நெஞ்சு அடித்துக்கொள்ள இந்த மனிதர் என் வீட்டு அறையில் உட்கார்ந்திருப்பார். அவரைப் போல எத்தனை வீட்டில் எத்தனை பேர்?

வேலுச்சாமி தேர்வில் வென்றார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். வேலை செய்தது மாத்திரை இல்லை, அதன்மேல் அவர் வைத்த நம்பிக்கை. ஈரோட்டில் மேலாளராக ஓய்வு பெற்றார். இன்றுவரை அவரிடம் நான் உண்மையைச் சொல்லவில்லை. வேலை உத்தரவு வந்ததும் பழத்தட்டோடு அவர் போய் நின்றது நாச்சிமுத்து சாரின் வீட்டில். நான் எழுதிய சீட்டு, என் வீட்டுச் சோறு, நன்றி மட்டும் கிணத்துக்கடவுக்குப் போனது. என் தீய எண்ணம் ஒரு நல்லதைச் செய்துவிட்டது. அதைச் சொல்லிக்கொண்டால் தீய எண்ணத்தையும் சொல்ல வேண்டும். வாயை மூடிக்கொண்டேன்.

அதன்பிறகு அவரிடம் மாத்திரையை நிறுத்திவிடச் சொல்லி வாதாடினேன். என்றாவது ஒரு பையன் வேறு எதையாவது வாங்கி விழுங்குவான் என்றேன். சார் வழக்கம்போலச் சிரித்துவிட்டு விடுவார் என்று நினைத்தேன். அன்று சிரிக்கவில்லை. பள்ளி விட்டு இருவரும் பஸ் நிறுத்தத்தை நோக்கி நடந்துகொண்டிருந்தோம். அவருடைய அண்ணனைப் பற்றிச் சொன்னார்.

அண்ணன் மில் தொழிலாளி. மூன்றாம் ஷிப்ட். அப்பாவுக்கு உடம்பு சரியில்லாததால் பகலில் தோட்டத்து வேலையையும் அவரே பார்த்திருக்கிறார். ஒரு நாள் விடியும் நேரத்தில் பஞ்சு கடையும் எந்திரத்தின் முன்னால் கண் அசந்து, வலது கை உள்ளே போய்விட்டது. மணிக்கட்டுக்குக் கீழே இல்லை. தூங்கியது அவர் தப்பு என்று எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். அந்த அண்ணன்தான் தம்பியை ஆசிரியர் பயிற்சி வரை படிக்க வைத்தவர்.

"ஊரே தூங்கலாமுங்க சார். எங்கண்ணன் அரை நிமிசம் தூங்குனாரு. அது குத்தமாப் போச்சு" என்றார் சார். "அதனாலதான் சசிமாறன் தூங்கமாட்டான். அவன் கையை எந்த எந்திரமும் புடுங்க முடியாது. மில்லுக்காரங்க எல்லாம் ஷிப்டு முடிஞ்சு வந்து ஏன் அவனைப் படிக்கறாங்கன்னு நெனைக்கறீங்க? மாத்திரைக்காக இல்லீங்க. தூங்காத ஒருத்தன் நம்ம பக்கம் இருக்கறானேன்னுதான்."

என் பரிதிவாணன் யார் பக்கம் என்று அன்று யோசித்தேன். ஒன்பது மணிக்குப் படுப்பவன் யார் பக்கம் இருக்க முடியும்? அன்று சீட்டைப் பற்றிச் சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன். பஸ் வந்துவிட்டது. இது அவர் அத்தியாயத்தை முடிப்பதைப் போல இருக்கிறது, ஆனால் உண்மையில் பஸ் வந்துவிட்டது. அடுத்த நாள் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

அதற்குப் பிறகு என்னைச் சுற்றி ஒரு சங்கடம் வளர்ந்தது. பள்ளி விழா ஒவ்வொன்றிலும் சார் என்னைப் புதியவர்களுக்கு அறிமுகப்படுத்தும்போது ஒரே சொற்களைச் சொல்வார். "இவருதானுங்க சசிமாறனைக் காப்பாத்துனவரு." கேட்பவர்கள், ஏதோ கதையில் உதவியிருக்கிறார் போல என்று தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள். எனக்குத்தான் வியர்க்கும். தெரிந்து சொல்கிறாரா? குத்திக் காட்டுகிறாரா? இல்லை, மருந்தைச் சொன்னவர் என்று வெள்ளை மனதோடு சொல்கிறாரா? முகத்தில் ஒன்றும் தெரியாது. நான் ஓய்வு பெற்ற நாளன்று மேடையில் மாலையோடு உட்கார்ந்திருந்தேன். ஒலிபெருக்கியில் அதையே சொன்னார். கைதட்டினார்கள். மற்றவர்கள் பேசிய நல்ல வார்த்தைகள் எதுவும் என் காதில் ஏறவில்லை. அவருக்குத் தெரியுமா என்ற அந்த ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு ஓய்வுக்காலம் முழுவதும் நடந்தேன். வாரம் ஒரு முறை போனில் பேசுவோம். மழை, முழங்கால் வலி, பேரப்பிள்ளைகள். கேள்வி மட்டும் வராது.

சசிமாறனின் கடைசி நாவலைப் படித்தவர்களுக்கு அதன் முடிவு நினைவிருக்கும். வழக்கை முடித்துவிட்டு, மாத்திரைப் புட்டியை மேசைமேல் வைத்துவிட்டு, கேழ்வரகுக் கஞ்சி ஒரு சொம்பு குடித்துவிட்டு, தென்னந்தோப்பில் கயிற்றுக் கட்டிலில் மூன்று நாள் தூங்குகிறான். எனக்கு வந்ததே கோபம்! கஞ்சி என் பரிதிவாணனுடையது. தூக்கமும் அவனுடையது. இருபது ஆண்டு யாரும் சீண்டாத என் நாயகனின் குணத்தை எடுத்துக்கொண்டு, வாசகர்களை அழவும் வைத்துவிட்டார். போனில் கேட்டேவிட்டேன். "ஆமாங்க சார், உங்க ஆளுகிட்ட இருந்துதானுங்க எடுத்தேன்" என்று உடனே ஒப்புக்கொண்டார். "தூக்கம்தானுங்க அவனுக்கு நான் குடுக்கற பென்சன்." இரண்டு மாதம் நான் போன் செய்யவில்லை. அவர் வாரந்தோறும் செய்துகொண்டுதான் இருந்தார்.

சென்ற வாரம் துக்கம் கேட்க கிணத்துக்கடவுக்குப் போனேன். சவத்தை எடுத்த அன்று கூட்டத்தில் யாரிடமும் பேச முடியவில்லை. அதனால் மூன்றாம் நாள் மறுபடி போனேன். வாசலில் பந்தல் இன்னும் பிரிக்கப்படவில்லை. பிளாஸ்டிக் நாற்காலிகளில் நாலைந்து பேர். கோமதி எனக்கு மோர் கொடுத்துவிட்டு, பக்கத்தில் இருந்த பெரியவரைக் காட்டி, "இவரு சிங்காநல்லூர் மெடிக்கல் ஆறுச்சாமி அய்யாங்க மாமா. அப்பாவுக்கு ரொம்ப நாள் பழக்கம்" என்றாள்.

பெரியவருக்கு எண்பது தாண்டியிருக்கும். கண்ணாடியை ஏற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "ஏனுங்க, நீங்கதானுங்களா அந்தக் கெமிஸ்ட்ரி வாத்தியாரு?"

ஆமாம் என்றேன். எந்தக் கெமிஸ்ட்ரி வாத்தியார் என்று கேட்கத் தோன்றவில்லை. அந்தக் கேள்வியை நாற்பது ஆண்டுகளாக எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் சொன்னார். நான் சீட்டைக் கொடுத்த அன்று மாலையே சார் அவர் கடைக்குப் போயிருக்கிறார். மாத்திரை என்ன நிறம், எவ்வளவு பெரிது என்று பார்த்து எழுத வேண்டுமாம். சீட்டைப் பார்த்து ஆறுச்சாமி விழுந்து விழுந்து சிரித்திருக்கிறார். "இது புழு மாத்திரைங்க வாத்தியாரே, யாரு எழுதிக் குடுத்ததுன்னு கேட்டேன். உங்களைச் சொன்னாரு. கெமிஸ்ட்ரி வாத்தியாருக்கு இது தெரியாதுங்களா, வேணும்னே உங்களைக் கவுத்துப்போட்டாருங்க, நான் சரியானதை எழுதித் தாரேன்னு பேனாவை எடுத்தனுங்க. மனுசன் மொகம் செத்துப்போச்சு. சீட்டை மடிச்சு எடுத்துட்டு எந்திரிச்சுப் போயிட்டாரு."

அந்த இரண்டு நாள் காய்ச்சல் என்ன காய்ச்சல் என்று எனக்கு அப்போது புரிந்தது.

"அப்புறம் ஞாயித்துக்கெழம வந்தாரு" என்று பெரியவர் தொடர்ந்தார். "வேற பேரு வேண்டாமுங்க, இதுவே இருக்கட்டும்னாரு. ஏனுங்கன்னேன். நெசமான பேரைப் போட்டா நாளைக்குப் பசங்க வந்து வாங்குவாங்க, அவரு என்ன நெனச்சு எழுதுனாரோ, எழுதுனது நல்லதுதானுங்கன்னாரு. யாராச்சும் வந்து சசிமாறன் மாத்திரைன்னு கேட்டா இதையே குடுங்க, சிரிக்காமக் குடுங்க, மத்த கடைக்காரங்களுக்கும் சொல்லிப்போடுங்கன்னாரு. நானும் மருந்துக் கம்பெனி ரெப்பா வாரவங்ககிட்டயெல்லாம் சொல்லி அனுப்புனேன். இந்தப் பக்கத்து மெடிக்கல்காரங்க அத்தனை பேருக்கும் தெரியுமுங்க. ஒருத்தரும் வெளிய விடலை. பரீச்ச சமயத்துல எத்தனை பசங்களுக்குப் புழு செத்துதோ!"

பந்தலில் எல்லாரும் சிரித்தார்கள். கோமதியும் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். அப்பா வீட்டில் இதைச் சொன்னதே இல்லையாம். நான் மோர் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் மேல் கோபம் இல்லையா அவருக்கு என்று மெதுவாகக் கேட்டேன்.

"இல்லாம இருக்குமுங்களா? இருந்துது" என்றார் ஆறுச்சாமி. "அன்னிக்கு என்கிட்டயே சொன்னாரு. மனசு வலிக்குதுங்க, ஆனா நாளைக்கு அவரு பக்கத்துலதான உக்காரோணும், எளநி ரெண்டு கொலை எறக்கி வெச்சிருக்கேன், கொண்டுட்டுப் போய்க் குடுத்துப்போட்டா எனக்கும் சரியாப் போயிரும்னாரு."

அவருக்குத் தெரிந்திருக்கிறது. முதல் நாளிலிருந்தே தெரிந்திருக்கிறது. இருபத்தாறு ஆண்டுகளில் பெரும்பகுதியை அடுத்த நாற்காலியில் தெரிந்துகொண்டே உட்கார்ந்திருந்தார். நான் வாதாடியபோது, மாத்திரை புழு மாத்திரைதான், பயப்படாதீர்கள் என்று ஒரு வார்த்தையில் என்னை மடக்கியிருக்கலாம். சொன்னால் நான் தலை குனிய நேரும் என்று அண்ணனைப் பற்றிச் சொன்னார். மேடை மேடையாக அவர் சொன்ன அந்த வாக்கியத்தில் குத்தல் எதுவும் இல்லை. நான் செய்த கெடுதலிலிருந்து அதன் நல்ல பாதியை மட்டும் எடுத்து, என் பெயரை எழுதி, எனக்கே திருப்பித் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தார். நான்தான் வாங்கிக்கொள்ளவில்லை.

துக்க வீட்டில் சொல்லிக்கொண்டு கிளம்பக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். எழுந்து, யாரையும் பார்க்காமல் நடந்து, பஸ் ஏறினேன். உக்கடம் வரை ஜன்னல் ஓரம். ஒரு அத்தியாயத்தின் தூரம் எவ்வளவு என்று அன்றுதான் கவனித்தேன். இவ்வளவு குறுகிய தூரத்தில் எப்படித்தான் எழுதினாரோ என்று நினைத்தபோது, சொன்னால் நம்ப மாட்டீர்கள், பழைய எரிச்சல் மறுபடி எட்டிப் பார்த்தது. எழுத்தில் தோற்றதை ஒருவாறு பொறுத்துக்கொண்டிருந்தேன். மன்னிப்பதிலும் இவரே முந்திக்கொண்டிருக்கிறார் என்பதை எப்படிப் பொறுப்பது?

மறுநாள் காலை சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டு மருந்துக்கடைக்குப் போனேன். இப்போது ஆறுச்சாமியின் மகன் பார்த்துக்கொள்கிறார். ஐம்பது வயதுக்காரர். கணினித் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "சசிமாறன் மாத்திரை ஒண்ணு குடுங்க" என்றேன். அவர் நிமிரவில்லை, சிரிக்கவில்லை. கை தானாகப் பின் அலமாரியின் கீழ்த்தட்டுக்குப் போனது. பைப்பரசின் இப்போது வருவதில்லை, வேறு ஒன்று. அட்டையைக் கத்தரித்து, காகிதத்தில் மடித்தபடியே கேட்டார். "எத்தனை வயசுப் பிள்ளைக்குங்க?"

எழுபத்தேழு என்றேன்.

அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார். அதற்கு மேல் அவரும் எதுவும் கேட்கவில்லை. அவர்கள் கடையில் அது பழக்கம் போலும்.

குளக்கரையில் அதே பெஞ்சில் உட்கார்ந்து, புட்டித் தண்ணீரோடு அதை விழுங்கினேன். மூளைக்குள் ஒரு விளக்கும் எரியவில்லை. வெயில் தண்ணீரில் பட்டுக் கண்ணைக் கூசவைத்தது. நாரைகள் சேற்றில் நின்றன. அந்தத் திங்கட்கிழமை மேசைக்கடியில் வைத்த இரண்டு குலை இளநீர் நினைவுக்கு வந்தது. அதில் ஒன்றையாவது வெட்டிக் குடித்திருக்கலாம்.

நாச்சிமுத்து சார், அன்று உங்கள் வீட்டில் சொல்லாமல் வந்ததை இங்கே சொல்லிக்கொள்கிறேன். சீட்டை வேண்டுமென்றேதான் எழுதினேன். உங்கள் மேல் பொறாமை. அது இன்னும் போகவில்லை. சசிமாறனுக்குக் கொடுத்த பென்சனை நீங்களும் வாங்கிக்கொள்ளுங்கள். நல்லாத் தூங்குங்க சார். கொஞ்ச நேரத்துக்கு நான் முழிச்சிட்டிருக்கறனுங்க.